ஊர் நீங்கி நகர் புகுதல்: ஐரோப்பிய நாவலின் ஒரு கதையமைப்பும் பம்பாய்த் தமிழ் நாவலும்

ஐரோப்பிய நாவலில் மீண்டும் மீண்டும் தோன்றும் கதையமைப்புகளுள் ஒன்று, சிற்றூர் இளைஞன் தலைநகருக்குச் செல்லுதல். 1948இல் ஹென்றி ஜேம்ஸின் நாவல் ஒன்றைப் பற்றி எழுதிய லயனல் டிரில்லிங், 'மாகாணத்திலிருந்து வரும் இளைஞன்' என்று இதற்குப் பெயரிட்டார். ஸ்தெந்தாலின் 'சிவப்பும் கறுப்பும்' (1830), பால்சாக்கின் 'இழந்த மாயைகள்' (1837-43), டிக்கன்ஸின் 'பெரும் எதிர்பார்ப்புகள்' (1860-61) ஆகியவை இவ்வமைப்புக்குத் தவறாமல் காட்டப்பெறும் சான்றுகள். வறிய, அறிவுள்ள, பேராவல் கொண்ட ஓர் இளைஞன் ஊரை விட்டுப் புறப்படுகிறான். நகரம் அவனை முதலில் இகழ்கிறது, பின்னர்ப் பயிற்றுகிறது. முடிவில் அவன் ஏற்கப்படுகிறான் அல்லது அழிகிறான். பாத்திரங்களின் பெயரும் ஊரும் மாறினாலும் இந்நிரல் பெரிதும் மாறுவதில்லை.

நாட்டுப்புறக் கதைகளின் உருபனியலை 1928இல் வகுத்த விளாடிமிர் பிராப், உருசிய மாயக் கதைகளில் முப்பத்தொரு செயற்கூறுகளைக் கண்டார். அவற்றுள் வீடு நீங்குதலும் ஒன்று. நாவலில் இத்தகைய கூறுகளைத் தேடியவர்கள் பிராப் பெற்ற ஒழுங்கைப் பெறவில்லை. ஆயினும் பக்தினின் காலவெளிக் கோட்பாடும், பிராங்கோ மொரெட்டியின் 'ஐரோப்பிய நாவலின் நிலப்படத் தொகுதி'யும் (இத்தாலியம் 1997, ஆங்கிலம் 1998) நாவலின் நிகழ்ச்சிகளை இடத்தோடு பொருத்திக் காண வழிகாட்டின. பால்சாக்கின் இளைஞர் சேன் ஆற்றின் ஒரு கரையில், மாணவர் வாழும் இலத்தீன் குடியிருப்பில் தங்குகின்றனர். அவர்கள் விரும்பும் மகளிரும் செல்வமும் பெரும்பாலும் வேறு பகுதிகளில் உள்ளன. அந்தத் தொலைவைக் கடப்பதே கதை என்பதை மொரெட்டி படமாக வரைந்து காட்டினார்.

அவரே 2000இல் எழுதிய கட்டுரையில் வேறொரு கருத்தையும் முன்வைத்தார். மேற்கு ஐரோப்பாவுக்கு வெளியே நாவல் தோன்றும்போது, அயல் வடிவத்துக்கும் உள்ளூர்ப் பொருளுக்கும் இடையே ஏற்படும் உடன்பாடாகவே அது தோன்றுகிறது என்றும், உள்ளூர்க் கதைசொல்லியின் குரலில்தான் அவ்வுடன்பாட்டின் விரிசல் மிகுதியும் கேட்கிறது என்றும் அவர் கூறினார். இக்கருத்தைத் தமிழ் நாவலின் ஒரு சிறு பகுதியைக் கொண்டு சோதிக்கலாம். பம்பாய்க்குச் சென்ற தமிழரைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்ற புனைகதைகளே அப்பகுதி. இங்கு அயல் வடிவமும் உள்ளது. அயல் நகரமும் உள்ளது. உள்ளூர் எது என்ற வினாவுக்கு எளிய விடை இல்லை.

நகரத்தின் மொழியைக் கற்றல்

ஐரோப்பிய அமைப்பில் திறனாய்வாளர் மிகுதியும் கவனித்தவை பணம், காதல், வர்க்கம் ஆகியன. மொழியியல் நோக்கில் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். ஒவ்வொரு நாவலிலும் இளைஞன் தன் மொழியின் காரணமாக ஒருமுறையேனும் நாணமடைகிறான். ஜூலியன் சொரெல், தன்னைப் பணிக்கு அமர்த்திய கோமானுக்காக எழுதும் கடிதத்தில் ஓர் எளிய பிரெஞ்சுச் சொல்லில் ஓர் எழுத்தை இரட்டித்துப் பிழை செய்கிறான். புதிய ஏற்பாடு முழுவதையும் இலத்தீனில் மனப்பாடமாக அறிந்தவன் அவன் என்பது நோக்கத்தக்கது. சீட்டாட்டத்தில் ஒரு சீட்டை உழைப்பாளர் வழங்கும் பெயரால் சொன்னதற்காகப் பிப்பை எஸ்தெல்லா எள்ளி நகைக்கிறாள். அவனுடைய தடித்த காலணியும் முரட்டுக் கையும் அந்தச் சொல்லுக்குப் பின்னரே இகழப்படுகின்றன. லூசியான் தன் தந்தையின் பெயரை விடுத்து, தாய்வழி உயர்குடிப் பெயரைச் சூட்டிக்கொள்ள முயல்கிறான். டூமாவின் 'மூன்று மஸ்கத்தியர்' (1844) நாவலில் தார்த்தன்யான் எங்குச் சென்றாலும் காஸ்கோனியன் என்றே அறியப்படுகிறான்.

இவை அனைத்திலும் இளைஞனின் பிழை திருத்தத்தக்க பிழையே. ஊரின் மொழியும் நகரத்தின் மொழியும் ஒரே மொழியின் இரு வழக்குகள். ஒன்று தாழ்ந்தது, மற்றொன்று உயர்ந்தது. தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததற்கு ஏறுவதே கல்வி. நாவலின் படிக்கட்டு மொழியின் படிக்கட்டாகவும் இருக்கிறது.

இப்படிக்கட்டு இயல்பாக அமைந்ததன்று. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794இல், கிரெகுவார் பாதிரியார் அளித்த அறிக்கையின்படி நாட்டில் ஏறத்தாழ அறுபது இலட்சம் மக்கள் பிரெஞ்சு மொழியை அறியாதவர்கள். அதனைச் செம்மையாகப் பேசியவர் முப்பது இலட்சத்துக்கு மேற்படார். பிரெத்தோனியமும் ஆக்சிதானியமும் பாஸ்க்கும் பேசியவர்கள் அந்த அறுபது இலட்சத்தில் அடங்குவர். நாற்பது ஆண்டுகள் கழித்துப் பாரிசுக்கு வரும் நாவல் இளைஞர்களோ வரும்போதே பிரெஞ்சு பேசுகின்றனர். மொழியே வேறாக இருந்தவர்களின் பயணம் இவ்வமைப்புக்குள் இடம்பெறவில்லை. இவ்விடுபாட்டைப் பம்பாய்க்கு வரும்போது நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

தமிழில் முன்வந்த வடிவங்கள்

தமிழ் நாவலின் முதற்கட்டத்தில் இவ்வமைப்பு முழுமையாகக் காணப்படவில்லை. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) வீரதீரக் கதைகளையும் அறிவுரைகளையும் இணைப்பது. ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' ஊரைவிட்டு வெளியேறும் ஒரு குடும்பத் தலைவரைக் காட்டினாலும் அவர் தேடியடைவது பதவியை அன்று, ஞானத்தை. கிராமத்து மாணவன் கல்வியின் பொருட்டுச் சென்னைக்குச் செல்லுதல் என்னும் கதைக்கூறு, அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்தில் (1898, 1899) தெளிவாக அமைகிறது. நாராயணன் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்னைக் கல்லூரிக்குச் செல்கிறான். நகரம் அவனுக்குத் தருவது ஆங்கிலக் கல்வியும் நாடகக் கொட்டகையும் மனைவியின்மேல் ஐயமும். மாதவையா கையாண்ட நகரம் தமிழ் பேசும் நகரம் என்பதால் ஐரோப்பிய அமைப்பு பெரிதும் சிதையாமல் பொருந்தியது. ஏற வேண்டிய படி ஆங்கிலம். அதனைக் கல்லூரி கற்பித்தது.

அடுத்த தலைமுறையில் ரெயினால்ட்ஸ் போன்றோரின் பரபரப்பு நாவல்கள் ஆரணி குப்புசாமி முதலியாரின் வழியாகப் பெருகின. மறைமலையடிகளும் ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவித் தனித்தமிழ் மரபில் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை (1911) அமைத்தார். வடசொல்லை விலக்கிய ஒருவர் இலண்டன் மலிவுப் பதிப்பின் கதையை விலக்காதது, வடிவத்தைவிடச் சொல்லே அடையாளம் என்று அக்காலத்தவர் கருதியதைக் காட்டுகிறது. க.நா.சுப்ரமண்யம் பின்னர்த் தமிழுக்குக் கொணர்ந்த ஸ்காண்டிநேவிய நாவல்களில் இவ்வமைப்பு முதன்மை பெறவில்லை. ஹாம்சனின் 'நிலவளம்' மனிதன் நகரை நோக்கிச் செல்லாமல் காட்டை நோக்கிச் செல்லும் கதை. ஐரோப்பிய நாவல் என்பது தமிழுக்கு ஒரே பொருளாக வந்து சேரவில்லை என்பதற்கு இதுவே போதும்.

பம்பாய் தமிழ் நாவலுக்குள் குறிப்பிடத்தக்க இடம் பெறுவது கல்கியின் 'அலை ஓசை'யில் (1948-49). அங்குத் திசை தலைகீழாக உள்ளது. இரயில்வே ஊழியரின் மகளான சீதா பம்பாயில் வளர்ந்து, தஞ்சை மாவட்டக் கிராமத்துக்கு வருகிறாள். தன் மாமன் மகள் லலிதாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை சீதாவைத் தேர்ந்தெடுக்கும்படி நேர்கிறது. நகரம் இளைஞன் சென்றடையும் இடமாக இல்லாமல், பெண்ணொருத்தியின் பேச்சிலும் நடையிலும் ஊருக்கு வந்து சேரும் கவர்ச்சியாக இருக்கிறது. அவளுடைய பம்பாயைப் பற்றி வாசகர் அறிவது சிறிதே. கதை விரைவில் டில்லிக்கும், பின்னர் நாட்டுப் பிரிவினைக்கும் சென்றுவிடுகிறது.

மூன்று பகுதிகள்

சீதாவின் தந்தையைப் போன்ற ஊழியர்களின் நகரம் எத்தகையது என்பதைச் சுருக்கமாகக் காணலாம். 1896இல் தோன்றிய கொள்ளை நோயை அடுத்து, 1898இல் அமைக்கப்பெற்ற பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நகருக்கு வடக்கே தாதர்-மாதுங்காத் திட்டத்தை வகுத்தது. அங்கு எழுந்த அடுக்கு வீடுகளில் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் மூன்றாம் பதின்மங்களில் தென்னிந்திய எழுத்தர்களும் கணக்கர்களும் குடியேறினர். ஆஸ்திக சமாஜம் 1923இலும், தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலும் அங்குத் தோன்றின. தஞ்சையினரும் பாலக்காட்டினரும் கன்னடரும் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்திய அக்கட்டிடங்களில்தான் 'தென்னிந்தியர்' என்ற அடையாளம் வாழ்க்கை வழக்கமாக உருப்பெற்றது என்பதை நிகில் ராவ் 2013இல் வெளியிட்ட ஆய்வு நிறுவுகிறது.

தாராவியின் வரலாறு வேறு. 1909ஆம் ஆண்டு அரசிதழ்த் தொகுதி அதனைப் பம்பாயின் ஆறு பெரிய மீனவக் குடியிருப்புகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கு வேரூன்ற, திருநெல்வேலிப் பகுதியிலிருந்து இசுலாமியத் தோல் வணிகரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் வந்தனர். அவர்கள் பெரும்பாலும் தனியாக வரவில்லை. உறவினர் உறவினரை அழைக்க, ஊரோடு ஊராக வந்தனர். செம்பூர் நகரின் பின்னைய விரிவு. 1950களில் திராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிறுவனமும் அமைந்தபின், மாதுங்காவில் இடம் போதாத தென்னிந்தியக் குடும்பங்கள் அங்குப் பரவின.

மாதுங்காவும் தாராவியும் அடுத்தடுத்த பகுதிகள். இடையில் இருப்புப் பாதை மட்டுமே உண்டு. மொரெட்டியின் பாரிசுப் படத்தில் இரு பகுதிகளுக்கு இடையே ஆறு இருப்பதைப் போல் இங்கு இருப்புப் பாதை இருக்கிறது எனலாம். ஆனால் பால்சாக்கின் இளைஞன் ஆற்றைக் கடக்க விரும்புகிறான். தமிழ்ப் புனைகதையில் தாராவியிலிருந்து மாதுங்காவுக்குக் 'கடத்தல்' என்னும் கதை முதன்மை பெறவில்லை. இரு பகுதியினரும் கடக்க நினைப்பது வேறொரு தொலைவு. அத்தொலைவின் மறுமுனையில் அவரவர் சொந்த ஊர் இருக்கிறது.

நாஞ்சில் நாடனின் மூன்று நாவல்கள்

நாஞ்சில் நாடன் 1972இல் பம்பாய்க்கு வேலைக்குச் சென்று 1989 வரை அங்கு வாழ்ந்தவர். அவர் சென்ற காலத்தில் நாகர்கோவிலுக்கு இரயில் இல்லை. இருப்புப் பாதை 1979இல்தான் வந்தது. பேருந்தும் இரயிலுமாக 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் அது. லூசியான் அங்குலேமிலிருந்து பாரிசுக்குக் கடந்தது இதில் மூன்றில் ஒரு பங்கே. 1966இல் தோன்றிய சிவசேனை, அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னிந்தியரை எதிர்த்து இயக்கம் நடத்திய சில ஆண்டுகளுக்குப் பின் அவர் அந்நகரை அடைந்தார்.

'மிதவை' (1986) ஐரோப்பிய அமைப்புக்கு மிக அணுக்கமானது. பட்டம் பெற்றும் வேலை பெறாத சண்முகம் ஊரிலிருந்து சென்னைக்கும், பின்னர்ப் பம்பாய்க்கும் செல்கிறான். வறுமை, கல்வி, ஆவல், பயணம் ஆகிய கூறுகள் முறையே வருகின்றன. ஆனால் இகழ்ச்சியை அடுத்து வர வேண்டிய பயிற்சி வரவில்லை. அவனைத் தன் வரவேற்பறைக்கு அழைக்கும் சீமாட்டியோ, பிழை திருத்தும் கோமானோ இந்நகரில் இல்லை. நகரத்தோடு அவனுக்குள்ள உறவு ஒரு படுக்கைக்குரிய இடமும் ஒரு மாதச் சம்பளமும் மட்டுமே. தலைப்பே இதனைச் சொல்லிவிடுகிறது: மிதப்பது மூழ்குவதும் இல்லை, கரை சேர்வதும் இல்லை.

'சதுரங்கக் குதிரை' (1993) மணமாகாமல் முதிரும் நாராயணனின் கதை. ஐரோப்பிய அமைப்பில் திருமணமோ மரணமோ கதையை முடித்துவைக்கும். இங்கு இரண்டும் தள்ளிக்கொண்டே செல்கின்றன. ஊரில் பெண் பார்க்க வேண்டியவர்கள் ஊரில் இருக்கின்றனர். அவன் பம்பாயில் இருக்கிறான். நகரத்தில் தானாகத் துணை தேடும் வழக்கம் அவனுடைய வளர்ப்பில் இல்லை. பிளபேரின் 'உணர்வுக் கல்வி' (1869) நாயகனும் காலத்தை இழந்தவனே. அவன் இழந்ததற்குக் காரணம் அவனுடைய மனம். நாராயணனுக்குக் காரணம் தொலைவும் உறவுமுறை ஒழுங்கும். இரண்டையும் 'ஏமாற்ற நாவல்' என்ற ஒரே பெயரில் அடக்குவது வசதியானது, சரியானதன்று.

'எட்டுத் திக்கும் மதயானை' (1998) வேறு வகையினது. சாதிப் பகையால் ஊரை விட்டு ஓடும் பூதலிங்கம், கன்னட நாட்டு ஊர்களிலும் கோவாவிலும் அலைந்து, சட்டத்துக்குப் புறம்பான தொழில்களில் பட்டுப் பம்பாயை அடைகிறான். இது கல்வி நாவலின் அமைப்பன்று. 1554இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்த 'லாசரில்லோ'விலிருந்து தொடங்கும் அலைகுடிக் கதையின் அமைப்பு. ஐரோப்பிய இலக்கிய வரலாற்றில் அலைகுடிக் கதை முதலிலும், கல்வி நாவல் பின்னரும், ஏமாற்ற நாவல் இறுதியிலும் வருகின்றன. ஒரே தமிழ் ஆசிரியரிடம் 1986, 1993, 1998 என்னும் நிரலில் அமைவது கல்வி, ஏமாற்றம், அலைதல். ஐரோப்பிய அமைப்புகளை வளர்ச்சிப் படிகளாகக் கொண்டு பிற மொழி நாவலை அளந்து, 'இன்னும் இந்நிலையை எட்டவில்லை' என்று தீர்ப்புக் கூறும் வழக்கத்துக்கு இந்நிரல் இடம் தராது.

பொருள்வயிற் பிரிவு

இந்நாவல்களின் இயக்கம் படிக்கட்டை ஒத்திருக்கவில்லை, ஊசலை ஒத்திருக்கிறது. செல்லுதல், பணம் அனுப்புதல், விடுமுறையில் வருதல், மீண்டும் செல்லுதல் என்பதே அதன் நிரல். இதற்கு ஐரோப்பிய நாவலில் இணை தேடுவதைவிடத் தமிழ் அகமரபில் தேடுவது பயனுடையது. தொல்காப்பியம் ஓதல், பகை, தூது, பொருள் முதலியன பற்றிப் பிரிவை வகுக்கிறது. பொருள்வயிற் பிரிந்த தலைவன் சென்ற நாட்டில் என்ன ஆனான் என்பதைப் பாடல்கள் விரிப்பதில்லை; சென்ற வழியையும் மீளும் பருவத்தையும் விரிக்கின்றன. வடக்கே வேற்றுமொழி வழங்கும் நிலத்தை 'மொழிபெயர் தேயம்' என்னும் தொடரால் குறிப்பதும் சங்கப் பாடல்களின் வழக்கு. பொருள் தேடிச் செல்லும் இடம் மொழி மாறும் இடம் என்ற எண்ணம் தமிழில் இவ்வளவு பழமையானது.

நாஞ்சில் நாடன் அகப்பாடலைப் பின்பற்றி நாவல் எழுதினார் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் அவர் பழந்தமிழில் தோய்ந்தவர். தம் இரண்டாம் நாவலுக்குத் திருக்குறளின் தொடர் ஒன்றையே 'என்பிலதனை வெயில் காயும்' (1979) எனத் தலைப்பாக்கினார். உள்ளூர்ப் பொருள் என்று மொரெட்டி சொல்வதில் உள்ளூர் வடிவமும் அடங்கியிருக்கக்கூடும் என்பதே இங்குச் சுட்டத்தக்கது. வெளியிலிருந்து வந்தது வடிவம், உள்ளே இருந்தது வெறும் பொருள் என்னும் பகுப்பு, வடிவங்கள் நிறைந்த ஒரு மொழிக்கு நேர்மையானதாகாது.

கதைசொல்லியின் குரல் பற்றிய மொரெட்டியின் கூற்று இன்னும் கவனிக்கத்தக்கது. இந்நாவல்களில் உரையாடல் பெரும்பாலும் நாஞ்சில் நாட்டு வழக்கில் அமைகிறது. அவ்வழக்கில் விளிச்சொல் பேசுவோர்க்கிடையே உள்ள உறவை உடனே காட்டிவிடும். 'லே', 'ஓய்', 'மக்கா' என்பனவற்றுள் எதனை யார் யாரிடம் சொல்லலாம் என்பதில் வயதும் உறவும் சாதியும் உள்ளன. முன்னிலையில் 'நீ', 'நீரு', 'நீங்க' என மூன்று படிகள் உண்டு. பம்பாய் இந்தியில் இப்படிகள் தேய்ந்துள்ளன. 'தும்' பலர்க்கும் பொதுவாகிறது, மதிப்புச் சொல்லான 'ஆப்' குறைவாகவே வழங்குகிறது. எதிரே நிற்பவன் தன்னை எந்தப் படியில் வைத்துப் பேசுகிறான் என்று ஊரில் ஒரு சொல்லால் அறிந்தவன், இங்கு எதனையும் அறிய இயலாமல் நிற்கிறான். நாராயணனைப் போன்றவனுக்கு இது தனிமை. சாதியால் விரட்டப்பட்ட பூதலிங்கத்தைப் போன்றவனுக்கு அதுவே மூச்சுவிடும் இடமாகவும் ஆகலாம். ஒரே மொழிநிலைமை இருவர்க்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஐரோப்பிய அமைப்பில் நகர மொழி எப்போதும் மேலே ஏறும் படியாகவே இருந்தது. இங்கு அது படியே இல்லாத சமதளமாகவும் இருக்கக்கூடும்.

நகரம் வைக்கும் பெயரும் வேறு. தார்த்தன்யானை நகரம் காஸ்கோனியன் என்று அழைக்கும்போது அவனுடைய நாட்டை அறிந்து அழைக்கிறது. பம்பாயின் 'மதராசி' யாரையும் அறிந்து அழைப்பதன்று. நாஞ்சில் நாட்டு வேளாளர், தஞ்சை அந்தணர், நெல்லை ஆதிதிராவிடர், மலையாளி, கன்னடர் அனைவர்க்கும் அது ஒரே சொல். மதராஸ் மாநிலம் 1969இல் தமிழ்நாடு எனப் பெயர் மாறிய பின்னரும் அச்சொல் மாறவில்லை.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. பம்பாய்த் தொழிலாளர் குடியிருப்பை மராத்தியர் 'சாள்' என்பர். ளகரம் மராத்தியில் உண்டு, பொது இந்தியில் இல்லை. தமிழில் அது பொதுவாகச் 'சால்' என்று எழுதப்பெறுகிறது. காதில் விழுந்த மராத்தியை விடுத்து, ஆங்கில எழுத்துக்கூட்டைப் பின்பற்றிய வடிவம் இது. அறையைக் குறிக்கும் சொல்லில் வரும் மூச்சொலி தமிழ் எழுத்தில் மறைய, அது 'கோலி' என்றாகிச் சிறுவர் விளையாடும் கோலியோடு ஒன்றிவிடுகிறது. தாராவியின் பழங்குடிகளான மீனவரின் பெயரோ ளகரம் பெற்றுக் 'கோளி' என்றிருத்தல் வேண்டும். மூன்றையும் பிரித்து எழுதும் தமிழ் நூல்கள் அரியவை. பம்பாய்த் தமிழர் நாவில் இம்மூன்றும் குழம்புவதில்லை. குழப்பம் அச்சில் மட்டுமே உள்ளது.

அமைப்புக்குள் அடங்காதவர்கள்

நகர் புகும் இளைஞன் தனியன், படித்தவன், மணமாகாதவன். மாதுங்காவின் எழுத்தருக்கும் செம்பூரின் பொறியாளருக்கும் இவ்வுருவம் ஓரளவு பொருந்தும். தாராவிக்குக் குடும்பத்தோடும் ஊரோடும் வந்த தோல் தொழிலாளிக்கு இது பொருந்தாது. அவர்களுடைய வரலாற்றில் புறப்பட்ட நாள் ஒன்று இல்லை, தலைமுறைகள் உள்ளன. ஒருவனுடைய அகவளர்ச்சியைப் பின்தொடரும் வடிவம் அவர்களுக்கு முன் நிற்கும்போது, எவரைப் பின்தொடர்வது என்று அறியாமல் நின்றுவிடுகிறது. கிரெகுவார் எண்ணிய அறுபது இலட்சம் பேர் பிரெஞ்சு நாவலின் பாரிசுக்குள் வராமற்போனதற்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு.

இதனால் விளைந்த தீங்கு இலக்கிய வரலாற்றில் தெரிகிறது. நாவலையே நவீனத்துவத்தின் அளவுகோலாகக் கொள்ளும் வரலாறுகள், நாவல் குறைந்த இடத்தில் எழுத்தே குறைவு என்று முடிவு செய்துவிடுகின்றன. தாராவித் தமிழரின் எழுத்து, கவிதையிலும் சிறுகதையிலும் மேடைப் பேச்சிலும் இயக்கத் துண்டறிக்கைகளிலும் பரவிக் கிடக்கிறது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் அவ்வெழுத்துக்கு வாசகரை அளித்தன. மும்பையில் வாழ்ந்து கவிதையும் சிறுகதையும் கட்டுரையும் எழுதிவரும் புதிய மாதவியின் எழுத்து இவ்வகையில் தனித்து ஆராயத்தக்கது. பெரும் எண்ணிக்கையில் நூல்களை நேரில் படியாமல், பிறர் எழுதிய வரலாறுகளிலிருந்து கதையமைப்புகளைத் தொகுக்கும் முறையை மொரெட்டி பரிந்துரைத்தார். அம்முறையின்படி தாராவி எந்த நிலப்படத்திலும் ஒரு புள்ளியாகக்கூட விழாது. தொகுக்கப்பெறாத எழுத்து எண்ணப்பெறாது. எண்ணப்பெறாதது அமைப்பிலும் இல்லை. துண்டறிக்கைகளும் சங்க ஆண்டு மலர்களும் குடும்பங்களின் பெட்டிகளில் அழிவதற்கு முன் திரட்டப்பெற்றாலன்றி இந்நிலை மாறாது.

துப்பறியும் பெண்

நகரத்தைப் பற்றிய மற்றோர் ஐரோப்பிய அமைப்பு துப்பறியும் கதை. தமிழில் இது கல்வி நாவலைக் காட்டிலும் பிந்தியதன்று; நடேச சாஸ்திரி 1894இலேயே 'தானவன்' என்னும் துப்பறிவாளனைப் படைத்தார். இவ்வமைப்பில் நகரம் புதிதாக வருபவனுக்குரிய கனவாக இல்லாமல், அங்கேயே வாழ்பவர் படித்தறிய வேண்டிய புதிராக இருக்கிறது. நீண்ட காலமாக மும்பையில் வாழும் அம்பை, 2014இல் வெளியிட்ட 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' என்னும் தொகுதியில் சுதா குப்தா என்ற துப்பறியும் பெண்ணை அறிமுகப்படுத்தினார். மூன்று கதைகள் கொண்ட அந்நூல் நாவலன்று. எனினும் இவ்வாய்வுக்கு அது இன்றியமையாதது.

சுதா குப்தா எங்கிருந்தும் வந்து சேர்வதில்லை. அவளுடைய குடும்பப் பெயர் வடநாட்டது; கதை தமிழில் நிகழ்கிறது; அவளுக்கு உதவும் காவல் அதிகாரி மராத்தியர். மணவாழ்வும் மகளும் சமையலறையும் உள்ள நடுவயதுப் பெண் அவள். குடும்பமற்ற தனியனாகத் துப்பறிவாளனை வைத்த ஹோம்ஸ் மரபு இங்குத் தேவைப்படவில்லை. கதைகளில் வரும் புதிர்களும் பெரும்பாலும் வீடுகளுக்குள் நிகழ்ந்தவை: காணாமற்போனவர்கள், முதியவர்கள், காயமுற்ற குழந்தைகள். நாராயணன் விளிச்சொல்லை இழந்து நின்ற அதே நகரத்தில், ஒருவர் எந்த மொழியில் பேசுகிறார், எப்போது மொழி மாறுகிறார், எதனைச் சொல்லாமல் விடுகிறார் என்பதைக் கேட்டு உண்மையை அறிவது அவளுக்குத் தொழில். அந்தேரியின் மேம்பாலத்தில் இரயிலிலிருந்து இறங்கிச் செல்லும் கூட்டத்தினிடையே நிற்கும் ஒருவரைக் கண்டு, அவர் யார், ஏன் நிற்கிறார் என்று கேட்பதற்கு அவளுக்கு எந்த ஊரின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.